நீக்கப்பட்ட மூச்சுகள்

கணினித் திரையின் நடுவில் அந்தச் சின்னப் பெட்டி மறுபடியும் வந்து நின்றது. ஒலிப்பதிவு மென்பொருளின் புதிய பதிப்பு தயார், இப்போதே ஏற்றலாமா என்று கேட்டது. மூன்று வாரமாக அது கேட்டுக்கொண்டிருந்தது, மூன்று வாரமாக அவளும் 'பிறகு நினைவூட்டு' என்பதைத் தட்டி அதைத் துரத்திக்கொண்டிருந்தாள். இன்று, அண்ணனின் உடலை எடுக்கப்போகும் நாளில், இரண்டு நாள் தூங்காத கண்ணோடு, கை தவறி 'இப்போதே' என்பதைத் தட்டிவிட்டாள்.

நீலக் கோடு ஒன்று நகரத் தொடங்கியது. மீதமுள்ள நேரம் இருபத்திரண்டு நிமிடம் என்றது. "சனியனே" என்றாள் அவள். நேரம் இருபத்து நான்காக ஏறியது.

தொலைபேசி அடித்தது. இசையமைப்பாளர்.

"அம்மா, ரெடியா?"

"அப்டேட் ஓடுது சார்."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான் அதுக்கு நல்ல நேரம் கிடைச்சிருக்கு."

சிரிப்பதா வேண்டாமா என்று அவர் யோசித்திருக்க வேண்டும். "ரெண்டு மணிக்கு சங்கத்து ஹாலுக்குக் கொண்டு வந்துடுவாங்க. மூணு மணிக்கு வண்டி. பேச்சு கீச்சு எதுவும் வேண்டாம்னு உங்க அண்ணி சொல்லிட்டாங்க. அவர் வாசிச்சது ஒண்ணு போட்டா போதுமாம். போன மாசம் என் படத்துக்கு வாசிச்சாரே, அந்த நீளமான சங்கதி, அதைக் கொண்டு வா. என்கிட்ட இருக்கிறதுல வயலின், கோரஸ் எல்லாம் கலந்து கிடக்கு. குழல் மட்டும் தனியா உன்கிட்டத்தான் இருக்கும்."

"கொண்டு வரேன் சார்."

"என்ன மூச்சும்மா அந்த மனுஷனுக்கு" என்றார் இசையமைப்பாளர். வைத்துவிட்டார்.

அவளுக்கு ஒலிப்பதிவுதான் தொழில். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஒன்றில் அவள் குடியிருந்தாள், மற்றதில் மைக்கும் கணினியும் குடியிருந்தன. வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க அந்த அறையின் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருந்தாள். முதல்முறை வருகிற பாடகிகள் தவறான கதவைத் தட்டிவிட்டோமோ என்று ஒரு கணம் திகைப்பார்கள்.

அண்ணன் புல்லாங்குழல் வாசிப்பவர். படங்களுக்கு, தொடர்களுக்கு, சோப்பு விளம்பரங்களுக்கு. பெயர் எங்கேயும் வராது, குழல் மட்டும் வரும். திரையில் யாராவது ரயில் நிலையத்தில் தனியாக நின்றால் உடனே அவருக்கு அழைப்பு வந்துவிடும். ஐம்பத்தெட்டு வயதுக்குள் எத்தனை பேரை ரயிலேற்றி அழ வைத்தாரோ, கணக்கில்லை. கடந்த ஆறு வருடமாக எல்லா வாசிப்பையும் தங்கையின் மெத்தை அறையிலேயே பதிவு செய்து அனுப்பினார். வாரத்துக்கு இரண்டு நாள், சில வாரம் நான்கு நாள் வருவார். அவளுக்கு நாற்பத்தாறு வயதாகியும் "குட்டி" என்றுதான் கதவைத் தட்டுவார்.

நீலக் கோடு முடிந்தது. புதுப் பதிப்பு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததைப்போலச் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. அவள் போன மாதத்துப் பதிவைத் திறந்தாள். உடனே இன்னொரு பெட்டி வந்தது. இந்தப் பதிவில் பயன்படுத்தப்பட்ட ஒரு கருவி புதிய பதிப்பில் இயங்காது, அது இல்லாமலே திறக்கவா என்று கேட்டது. எந்தக் கருவி என்று பார்க்கக்கூட அவளுக்குப் பொறுமையில்லை. திற என்றாள். காதில் ஹெட்போனை மாட்டி ஓட விட்டாள்.

முதலில் முக்காலி முனகியது. அப்புறம் ஒரு மூச்சு. அப்புறம் இன்னொன்று.

குழல் வரவில்லை. அவள் நேரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம். அதுவரை அண்ணன் மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார். ஈரமான, அடியில் ஏதோ கொதிப்பது போன்ற மூச்சு. நடுவில் ஒருமுறை தொண்டையைச் செருமினார். கதவு திறக்கும் சத்தமும் கோப்பையை வைக்கும் சத்தமும் கேட்டன. அவளுடைய குரலே கேட்டது. "என்னண்ணா, ரெடியா?" "குழல் சூடாகட்டும் குட்டி" என்றார் அண்ணன்.

குளிர்ந்த குழலில் சுருதி இறங்கி நிற்கும், கொஞ்சம் ஊதிச் சூடாக்கிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும். இது யாருக்கும் தெரிந்ததுதான். முன்பெல்லாம் இரண்டு நிமிடத்தில் சூடாகிற குழல், இந்த வருடம் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. மூன்று மாடி ஏறி வந்த குழல் அது. அவளுக்கு இது இப்போதுதான் உறைத்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பிறகு சங்கதி வந்தது. நாற்பது விநாடி நீளம். படத்தில் அது ஒரே இழையாக ஓடும், கேட்டவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். இங்கே அது துண்டு துண்டாக இருந்தது. நான்கைந்து சுரம், ஒரு இழுப்பு. மறுபடி நான்கைந்து சுரம், ஒரு இழுப்பு. சுரத்தில் ஒரு குறையும் இல்லை, விரல் ஒன்றுகூடத் தடுமாறவில்லை. மூச்சு எடுத்த இடத்திலெல்லாம் குழல் அறுந்து, சரியாக அறுந்த இடத்திலிருந்தே தொடர்ந்தது. அவள் விரல்விட்டு எண்ணினாள். ஒரு கை போதவில்லை.

அப்போதுதான் இயங்காமல் போன கருவி எது என்று பார்த்தாள். கத்தரி.

கத்தரி என்று பெயர் வைத்தவர் அண்ணன். அதற்குமுன் கையால் வெட்டிய காலம் ஒன்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஆசைப்பட்டு ஒரு புது மைக் வாங்கினாள். எதிர்வீட்டுக்காரன் மனதில் நினைப்பதுகூட அதில் விழும் என்பார் அண்ணன். குழலோடு சேர்த்து அவர் எடுக்கும் மூச்சு, சட்டை உரசல், வயிற்றுப் பொருமல் எல்லாவற்றையும் அது அள்ளிக்கொண்டு வந்தது. வேண்டாத சத்தத்தையெல்லாம் அவள் உட்கார்ந்து வெட்ட வேண்டும். ஒரு மணி நேரப் பதிவென்றால் மூன்று மணி நேரம் மூச்சு வெட்டும் வேலை.

அலுப்பான வேலைதான். ஆனால் அந்த நாளில் அண்ணனின் மூச்சில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. மேல் சுரத்துக்குப் போகுமுன் எடுப்பது குட்டையாக, யாருக்கும் தெரியாமல் திருடியதுபோல இருக்கும். சாப்பிட்ட கையோடு வந்த நாளில் கொஞ்சம் ஏப்பம் கலந்திருக்கும். அண்ணியோடு சண்டை போட்டுவிட்டு வந்தால் மூக்கால் எடுப்பார்.

"என்னண்ணா, வீட்டுல போரா?"

"உனக்கு எப்படிடீ தெரியும்?"

"உன் மூக்கு வந்து சொல்லிட்டுது."

பத்து மாதத்துக்கு முன் மென்பொருளின் பெரிய பதிப்பு ஒன்று வந்தது. அதோடு சேர்ந்து ஓடும்படி இந்தக் கருவியும் வந்தது. மூச்சு எங்கே என்று தானே கண்டுபிடிக்கும், தானே எடுத்துவிடும், அறுந்த இடத்தில் முந்தைய சுரத்தின் வாலை இழுத்து ஓட்டை தெரியாமல் மூடிவிடும். மூன்று மணி நேர வேலை, தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அவள் குதித்தாள். அன்றிலிருந்து பதிவை ஓட விட்டுவிட்டு அவள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள், அண்ணன் மூச்சு விடுவதைக் கேட்கவே இல்லை. காசு கொடுத்துக் காது வாங்கினாள், அப்புறம் காசு கொடுத்து அதைச் செவிடாக்கினாள்.

இதைக்கூட ஒருவேளை மன்னிக்கலாம். ஆனால் கத்தரி வேலை முடிந்ததும் ஓரத்தில் ஒரு வரி காட்டும். நீக்கப்பட்ட மூச்சுகள், இத்தனை. வேலைக்காரன் கணக்கு ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு முறையும் ஒப்பிக்கும். ஒரே நீளமுள்ள பதிவுக்கு முதல் மாதம் பதினொன்று என்றது. அப்புறம் பதினெட்டு. போன மாதம் முப்பத்தொன்று. அதை அவள் பார்த்தாள். பார்க்காமல் இருந்தேன் என்று அவளால் சொல்ல முடியாது, ஏனென்றால் பார்த்துவிட்டு அவள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருந்தது.

"அண்ணா, பதினெட்டு போய் இன்னைக்கு முப்பத்தொண்ணு. என்ன, மூச்சுல தள்ளுபடி விற்பனையா?"

அண்ணன் சிரித்தார். சிரித்து முடித்துப் பேச அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அதான் கத்தரி இருக்கே. எனக்கென்ன கவலை" என்றார். அவளும் சிரித்தாள். தேநீர் குடித்தார்கள். அவர் படியிறங்கிப் போகும்போது வாசலில் நின்று அவள் கையாட்டினாள். இறங்கும்போது யாருக்கும் மூச்சு வாங்காது.

மூன்று நாளைக்கு முன் பேருந்து நிறுத்தத்தில் விழுந்துவிட்டார். மருத்துவமனையில் ஒன்றரை நாள். இதயம் களைத்துப் போய், நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறது என்றார் மருத்துவர். இளவயதுக்காரர், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்.

"எவ்வளவு நாளா மூச்சு வாங்குது?"

"வாங்கலையே டாக்டர். அப்படி ஒண்ணும் இல்லையே" என்றாள் அண்ணி.

"ஒரு வருஷமாவது இருந்திருக்கும். கூட இருக்கிறவங்களுக்குத் தெரியாம இருக்காதும்மா." அவர் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தச் சொல் அண்ணியோடு தங்கிவிட்டது. அவள் பக்கத்திலேயே தங்கை நின்றிருந்தாள். முப்பத்தொன்று என்ற எண் நாக்கின் நுனிவரை வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, அண்ணியின் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

இப்போது மணி பத்தே முக்கால். கத்தரிக்கும் ஒரு புதுப்பிப்பு இருந்தது. அதை ஏற்றினாள். எட்டு நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆயிற்று, சங்கதி மறுபடி ஒரே இழையாக ஓடியது. அழகாகத்தான் இருந்தது. அவள் பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

இரண்டையும் தனித்தனியாக எடுத்துக் கைபேசியில் ஏற்றினாள். ஒன்றுக்கு 'முழுசு' என்று பெயர் கொடுத்தாள், இன்னொன்றுக்கு 'அப்படியே' என்று. அப்படியே இருப்பதைத்தான் போடப்போகிறேன் என்று முகம் கழுவும்போது முடிவு செய்தாள். போடுமுன் அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும். அண்ணி மூன்று நாளாகத் தன்னையே கடித்துத் தின்கிறாள். தின்ன வேண்டியது என்னைத்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டால் அவளாவது ஒரு வாய் சாப்பிடுவாள். படியிறங்கும்போது வார்த்தைகளைக் கோத்துப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். மூன்று மாடியும் முடிந்தது, முதல் வாக்கியம் முடியவில்லை.

வாத்தியக்காரர்கள் சங்கத்துக் கூடத்தில் ஒத்திகைக்குப் போடும் மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். தாளத்தட்டுகளையும் பெரிய டிரம்மையும் ஓரமாகத் தள்ளி ஒரு போர்வையால் மூடியிருந்தார்கள். முன்னால் அண்ணன். கழுத்துவரை வெள்ளைத் துணி. வாய் மூடியிருந்தது. கீழுதட்டில் குழல் அழுத்தி அழுத்தி விழுந்த தழும்பு மட்டும் எப்போதும்போலக் கறுத்துத் தெரிந்தது.

நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் சத்தத்தை வைத்துப் பிழைப்பவர்கள், அதனாலேயே சத்தமில்லாமல் இருப்பது எப்படி என்று தெரியாமல் திணறினார்கள். நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைத்தார்கள். டிரம் வாசிப்பவர் ஒருவர், கடிகாரம் என்று பட்டப்பெயர், அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"போன மாசம்தான் அவர் வாசிச்சதைக் கேட்டேன்மா, அந்தப் படத்துல. எனக்கு அவரை விட பத்து வயசு கம்மி, ரெண்டு மாடி ஏறினா நாக்கு தள்ளுது. அவர் என்னடான்னா ஒரே மூச்சுல நாற்பது செகண்ட். கல்லு மாதிரி இருந்த ஆளு. யார் நினைச்சா?"

அவள் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு அண்ணிக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அண்ணி ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். மூன்று வருடமாக இரவு முறை, மாலை ஏழு மணிக்குப் போய்க் காலை ஆறு மணிக்கு வருவாள். சூடான ரொட்டியை எடுத்து எடுத்துப் பையில் போட்டு விரல்நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தன. பிள்ளைகள் இல்லை. நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்தால் அண்ணனின் மண்டையை உருட்டுவது வழக்கம். அதில் இருவருக்கும் இருபது வருட ஒற்றுமை.

"சாப்பிட்டியா?" என்றாள் அண்ணி.

"நீங்க?"

"இறங்கல."

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் முதல்ல சொல்லிடறேன்" என்றாள் அண்ணி. கண்ணை முன்னாலிருந்து எடுக்கவில்லை. "ராத்திரி ஷிப்ட் வேண்டாம் வேண்டாம்னு அவர் சொன்னார். நான்தான் கேக்கல. அவர் எழுந்திருக்கும்போது நான் வருவேன், நான் எழுந்திருக்கும்போது அவர் கிளம்பிடுவார். ஒரே கட்டில்ல ஆள் மாத்தி ஆள் தூங்கினோம். பக்கத்துல படுத்திருந்தா அவர் மூச்சு எனக்குக் கேட்டிருக்காதா? டாக்டர் சொன்னது சரிதானே. கூட இருந்தாத்தானே தெரியும். நான் கூடவே இல்ல."

"அப்படி இல்ல அண்ணி."

"அப்புறம் எப்படி?" அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப அந்த டிரம் வாசிக்கிறவர் உன்கிட்ட சொன்னது எனக்கும் காதுல விழுந்துச்சு. போன மாசம்கூட ஒரே மூச்சுல வாசிச்சாராமே. நிஜமா? அவ்வளவு மூச்சு இருந்துதா அவருக்கு?"

அண்ணியின் முகத்தில் மூன்று நாளில் முதல்முறையாக ஏதோ ஒன்று இளகியிருந்தது. மூழ்குகிறவள் கைக்கு ஒரு துரும்பு அகப்பட்டிருந்தது.

"அப்படி இருந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும், சொல்லு? யாருக்குத்தான் தெரியும்?" என்றாள் அண்ணி.

இசையமைப்பாளர் மேடையோரம் நின்று கையசைத்தார். அவள் எழுந்து போய்க் கைபேசியை ஒலிப்பெருக்கியோடு இணைத்தாள். இடது பக்கப் பெட்டியில் ஒரு முனகல் இருந்தது, வேறொரு நாளாக இருந்தால் கம்பியைப் பிடுங்கிச் சரிசெய்யாமல் விட்டிருக்க மாட்டாள். திரையில் இரண்டு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால், கூட வாசித்தவர்கள் முன்னால், அவர் மூச்சுக்குத் தவிப்பதைப் போட்டுக் காட்டுவதா? மானஸ்தன் ஆயிற்றே. இது அண்ணனுக்காக, அப்புறம் அண்ணியின் நிம்மதிக்காக, இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இரண்டும் பொய் இல்லை. ஆனால் விரலைப் பிடித்துத் தள்ளியது இரண்டும் அல்ல, பயம். அவள் 'முழுசு' என்பதைத் தட்டிவிட்டு, திருடியைப்போல வேகமாக வந்து உட்கார்ந்தாள். அண்ணி மறுபடி அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

குழல் ஆரம்பித்தது. முதலில் கீழ் சுரத்தில் சும்மா உலாத்திவிட்டு வந்தது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு சங்கதி. கூடம் முழுவதும் அசையாமல் இருந்தது. குழல் ஏறியது, ஒரு வளைவில் திரும்பியது, நிற்கும் என்று நினைத்த இடத்தில் நிற்காமல் போனது.

அண்ணியின் பிடி இறுகியது. இறுகிக்கொண்டே போய், காய்த்த விரல்நுனிகள் அவள் புறங்கையில் குத்தின. திரும்பிப் பார்த்தாள். அண்ணி உதட்டை மடித்து மூடியிருந்தாள், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தாள். அடுத்த கணம் அண்ணி, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவளைப்போல, வாயைத் திறந்து இழுத்து மூச்சு வாங்கினாள். மறுபடி உதட்டை மூடினாள். குழல் போய்க்கொண்டிருந்தது. அண்ணி இரண்டாவது முறையும் வாங்கினாள். குழல் இன்னும் போய்க்கொண்டே இருந்தது.

முடிந்தது. யாரோ கைதட்டப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"எங்க எடுத்தாரு?" என்றாள் அண்ணி, மெதுவாக.

"என்ன அண்ணி?"

"மூச்சு. எங்க எடுத்தாரு?" அண்ணி இன்னும் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணமான புதுசுல இருந்து எனக்கு ஒரு விளையாட்டு. அவர் வாசிக்கும்போது நானும் கூடவே மூச்சைப் பிடிச்சுக்குவேன். அவர் எடுக்கும்போதுதான் நான் எடுப்பேன். எனக்கு சுருதியும் தெரியாது தாளமும் தெரியாது, அவர் வாசிப்புல எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். அவர்கிட்டகூடச் சொன்னதில்ல. எப்படியும் அவர் எடுக்கிற நேரத்துக்கு எனக்கும் வேண்டியிருக்கும், சரியா வரும். இன்னைக்கு நான் ரெண்டு தடவை எடுத்துட்டேன். அவர் எடுக்கவே இல்லையே?"

ஒரு பதில் தயாராகத்தான் இருந்தது. கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, ஊதும்போதே மூக்கால் எடுக்கத் தெரிந்தவர்கள் உண்டு. அண்ணனும் அப்படித்தான் வாசித்தார் என்று சொன்னால் அண்ணி நம்பிவிடுவாள். வாழ்நாள் முழுக்க நம்புவாள்.

"ஏழு இடத்துல எடுத்தார், அண்ணி."

"எனக்குக் கேக்கலையே."

"நான் வெட்டிட்டேன்."

அண்ணி திரும்பினாள்.

"மெஷின் ஒண்ணு இருக்கு. அதுவே வெட்டிடும். எத்தனை வெட்டினோம்னு கணக்கும் காட்டும். மாசா மாசம் கூடிட்டே வந்துச்சு." நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "பத்து மாசமா பார்த்தேன் அண்ணி. பார்த்துட்டு... அதைச் சொல்லி அவரைக் கிண்டல் பண்ணினேன்."

அண்ணி அழவில்லை. எந்த வீட்டுப் பெண் இவள் என்று விசாரிப்பதுபோல அவள் முகத்தையே பார்த்தாள். கையை மட்டும் இன்னும் விடவில்லை. விட மறந்திருந்தாள்.

நாற்காலிகள் அசைந்தன. மரியாதை செய்ய வரிசை கட்டத் தொடங்கினார்கள். முதல் ஆளாக இசையமைப்பாளர் வந்து அண்ணியின் முன் குனிந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்ன மூச்சும்மா உங்க வீட்டுக்காரருக்கு. ஒரு இடத்துல அறுந்துச்சா பாருங்க. இனிமே யாரு இருக்கா இப்படி வாசிக்க?"

அண்ணி எழுந்து நின்றாள். பிடித்திருந்த கையைப் பார்த்து, விட்டாள்.

"ஆமாங்க" என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "இவதான் பதிவு பண்ணினா."

இசையமைப்பாளர் அவள் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் சேர்த்துப் பற்றிக்கொண்டார். "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்மா. என்ன சுத்தம்!" அவருக்குப் பின்னால் நின்ற கடிகாரமும் கை நீட்டினார். அவருக்குப் பின்னால் வயலின்காரர்கள், கோரஸ் பாடுகிற பெண்கள், சங்கத்துச் செயலாளர் என்று எல்லாரும் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்து, அருமையாகப் பதிவு செய்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் கையைக் கொடுத்தாள்.

அண்ணி வரிசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். அண்ணனின் நெஞ்சின்மேல் துணி கொஞ்சம் சுருங்கியிருந்தது. அதை நீவிச் சரிசெய்தாள். சரியான பிறகும் கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள்.